பாடிப் போ, பயப்படாதே!

பணி நிறைவு பாராட்டு விழாக்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் மே மாதக் கடைசியில் எங்கள் பி.டி. டீச்சருக்கு நாங்கள் எடுத்த விழாவைப் போல இன்னொன்றைப் பார்த்ததில்லை. சால்வை போட்டோம், சந்தன மாலை போட்டோம், வாழ்த்து மடல் வாசித்தோம், மதியம் பிரியாணியும் போட்டோம். அதெல்லாம் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் விழாவின் உயிர் மேடைக்குப் பின்னால் இருந்த கபடிக் களத்தில்தான் இருந்தது. பழைய மாணவிகள் ஓர் அணி, இப்போது படிக்கிற பிள்ளைகள் ஓர் அணி. டீச்சருக்கு நாங்கள் கொடுத்த பரிசு ஓர் ஆட்டம்!

அந்தக் களமே டீச்சர் உண்டாக்கியதுதான். எங்களுடையது திருவாரூர்ப் பக்கத்து அரசு பெண்கள் பள்ளி. டெல்டாக் களிமண் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் காலை உள்ளே இழுக்கும். டீச்சர் மேல்மண்ணை வெட்டியெடுக்கச் சொல்லி, மணலும் செம்மண்ணும் சலித்துப் போட்டு, தண்ணீர் தெளித்து ஆடுகளம் ஆக்கினார். தினமும் முதல் வேலை கல் பொறுக்குவது. பிறகு சுண்ணாம்புப் பொடி எடுத்து அவரே கோடு போடுவார். பெண்கள் ஆட்டத்துக்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் என்று அளவு சொல்லிக்கொண்டே போடுவார். அந்தக் கோடுகளுக்கு நடுவே நின்றபோதுதான், இந்த ஊரில் எங்களுக்கென்றும் ஓர் இடம் இருக்கிறது என்று முதன்முதலாகத் தோன்றியது.

பயிற்சி என்றால் அதுவல்லவா பயிற்சி! வெளியில் நின்று பார்ப்பவர்களுக்குக் கபடி என்றால் பாய்ந்து விழுவது. டீச்சர் எங்களுக்கு முதலில் கற்றுத்தந்தது காத்திருப்பதை. "அவ உள்ள வரட்டும்டி. காலை நீட்டுவா, நீட்டின காலை இழுக்கப் பார்ப்பா, அப்பப் பிடி" என்பார். கார்னரில் நிற்பவள் கணுக்காலை இரண்டு கையாலும் பூட்ட வேண்டும். தலை முட்டிக்கு நேரே போகவே கூடாது. அவள் பிடித்த அதே நொடியில் கவரில் நிற்பவள் இடுப்பை மறிக்க வேண்டும். மற்றவர்கள் வந்து சேரத் தாமதித்தால், பிடித்தவளை அல்ல, வராதவர்களைத்தான் திட்டுவார். எனக்கு இன்றைக்கும் ஆபீசில் யாராவது தனியாகச் சுமை இழுப்பதைப் பார்த்தால் கால் தானாக அந்தப் பக்கம் போகும். அது டீச்சர் போட்ட பழக்கம்.

பாடிப் போகிறவளுக்கு வேறு பாடம். ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான். அதற்குள் மூச்சு விடாமல் பாடவும் வேண்டும், ஏழு பேரின் கண்ணையும் பார்க்க வேண்டும், திரும்பும் வழியையும் மறக்கக் கூடாது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளைத்தான் டீச்சர் முதலில் பாட அனுப்புவார். "சத்தமா! எனக்குக் கேக்கணும்!" அந்தக் குரல் திறந்த பிறகு எத்தனை பேரின் வாழ்க்கை திறந்தது!

ஆனாலும் டீச்சரின் ஆகப்பெரிய ஆட்டம் களத்துக்கு வெளியில் நடந்தது. பெண் வயசுக்கு வந்ததும் விளையாட்டை நிறுத்திவிடும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. டீச்சர் அந்த வீடுகளுக்கு நடையாய் நடப்பார். திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, "நான் கூட்டிட்டுப் போறேன், நானே கொண்டுவந்து விடுறேன்ம்மா" என்பார். சொன்னபடியே வெளியூர்ப் போட்டி முடிந்து ராத்திரி பஸ்ஸில் வந்தாலும், கடைசிப் பிள்ளை வீட்டு வாசலில் ஏறும்வரை தெருவில் நிற்பார். அப்பாக்களிடம் விளையாட்டு ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுவார். ஒவ்வொருத்தியின் சான்றிதழையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரப்படுத்துவார். பெண்கள் கபடி ஆசிய விளையாட்டுப் போட்டிக்குள் வந்தது 2010-இல்தான், குவாங்சோவில். இந்தியா தங்கம் வென்றது. அதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே, எந்தப் பதக்கமும் கண்ணில் தெரியாத காலத்திலேயே, இந்த மனுஷி எங்கள் வாசல்களில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா இடம்பெற்ற இந்திய அணி தங்கம் வென்ற செய்தி வந்ததும், எங்கள் பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழு விடிய விடிய அடங்கவில்லை. நாங்கள் யாரும் இந்திய பனியன் போட்டவர்கள் இல்லை. ஆனால் எங்களில் போலீஸ் இருக்கிறார்கள், நர்ஸ் இருக்கிறார்கள், பி.டி. டீச்சரே இருக்கிறார்கள். சொந்தமாகத் தையல்கடை வைத்து நான்கு பேருக்குச் சம்பளம் கொடுப்பவளும் இருக்கிறாள். அத்தனை பேரும் விழா அன்றைக்கு லீவு போட்டு, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

ஆட்டத்துக்கு விசில் ஊதியது டீச்சர்தான். பட்டுப்புடவை, கழுத்தில் மாலை, வாயில் விசில்! மாலையோடு நடுக்கோட்டில் அங்குமிங்கும் ஓடினார். நாலாவது ரெய்டிலேயே விசிலை எடுத்துவிட்டு, "ஏண்டி, இத்தனை வருஷம் கழிச்சும் இடது காலை முன்னாடி வைக்கிறே!" என்று போலீஸ்காரியை அதட்டினார். களமே அதிர்ந்தது. அவளும் "சரி டீச்சர்" என்று சொல்லிக் காலை மாற்றினாள். அடுத்த ரெய்டில் இரண்டு பேரைத் தொட்டுத் திரும்பினாள். ஆட்டத்தில் சின்னப் பிள்ளைகள் எங்களைத் துவைத்தெடுத்தார்கள். டீச்சர் முகத்தில் அதைவிடப் பெரிய சந்தோஷத்தை நான் கண்டதே இல்லை.

உங்கள் ஊர்ப் பள்ளியிலும் இப்படியொரு பி.டி. சாரோ டீச்சரோ ஓய்வு பெறப் போகிறாரா? மேடையும் மாலையும் இருக்கட்டும். அவர் எதைக் கற்றுத்தந்தாரோ அதை அவர் கண்முன்னே ஆடிக் காட்டுங்கள். அவர் பிடித்துவைத்திருந்த பிள்ளைகளை அடுத்து யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டு, அந்த இடத்துக்கு ஆள் வரும்வரை தலைமையாசிரியர் அறைக்கு நடந்துகொண்டே இருங்கள். நாங்கள் நடக்க ஆரம்பித்துவிட்டோம். அதுவரைக்கும் சனி, ஞாயிறு மாலைகளில் முறை போட்டுக்கொண்டு நாங்களே களத்துக்குப் போகிறோம். முதல் வேலை கல் பொறுக்குவது!