கண்ணாடி ஒட்டும் கை

புது வீட்டில் பால் காய்ச்சி முடித்ததுமே பிள்ளைகள் கேட்பது வைஃபையைத்தான். ஃபைபர் இணைப்புக் கொடுக்க வரும் தம்பியின் வேலையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கறுப்பு உறையை உரித்து, உள்ளிருக்கும் கண்ணாடி இழையை ஆல்கஹாலில் துடைத்து, 'டிக்'கென்று நறுக்குகிறார். இழையின் பருமன் 125 மைக்ரான். ஒளி ஓடும் நடுப்பகுதியோ சுமார் 9 மைக்ரான்தான். இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினின் சின்னத் திரையில் இரு இழைகளின் முனைகளும் நேருக்கு நேர் வந்து நிற்கின்றன. ஒரு மின்பொறி, கண்ணாடி உருகி ஒன்றாகிவிடுகிறது. (கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்ப்பதில்லை.) சும்மா சொல்லக் கூடாது, ஒட்டிய இடமே தெரியாது. ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டர் மைனஸ் 20 டிபிஎம் பக்கம் காட்டினால் அவர் முகம் மலர்கிறது. எத்தனை எம்பிபிஎஸ் என்பதெல்லாம் அப்புறம். சுவரோரம் வரும் அந்த ஒயரை மட்டும் மடக்கி ஆணி அடித்துவிடாதீர்கள்; மடங்கிய இடத்தில் ஒளி கசிந்துவிடும்.