மண்டலம், தொகுதி, சக்தி: ஒரு கலைச்சொல் விமர்சனம்

‘சிஸ்டம்’ என்னும் சொல்லின் கிரேக்க வேருக்குச் ‘சேர்ந்து நிற்பது’ என்பது பொருள். ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் பகுதிகளின் முழுமையைக் குறிக்க அறிவியலும் மருத்துவமும் இதனை ஏற்றுக்கொண்டன. இதனைத் தமிழாக்கியதில் நாம் பெற்றது எது, இழந்தது எது என்று ஆராய்வது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நோயாளியின் உடலோடும் ஊரின் நீரோடும் அதற்குத் தொடர்புண்டு.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நரம்பு மண்டலம், செரிமான மண்டலம் என்கின்றன. கோள்களுக்கோ சூரியக் குடும்பம் என்கின்றன. யூனானி, சித்தம் என்று வந்தால் அது மருத்துவ ‘முறை’ ஆகிவிடுகிறது. இலங்கைப் பாடநூல்கள் நரம்புத் தொகுதி, ஞாயிற்றுத் தொகுதி, சூழற்றொகுதி என ஒரே சொல்லை ஆள்கின்றன. உடலுக்கும் வானுக்கும் பொதுவானதொரு கருத்து உண்டென்பதை அங்குள்ள மாணவன் சொல்லிலேயே கற்றுக்கொள்கிறான். ‘மண்டலம்’ வட்டத்தையும் நிலப்பகுதியையும் சுட்டும் சொல். சித்த மருத்துவர் ‘ஒரு மண்டலம்’ மருந்துண்ணச் சொன்னால் அது 48 நாள். இடத்தையும் காலத்தையும் சுட்டிப் பழகிய சொல், இயக்கத்தைச் சுட்டுகையில் தடுமாறுகிறது. ‘தொகுதி’யும் குறையற்றதன்று. தொகுக்கப்பட்டவை தம்முள் தொடர்பின்றிக் குவிந்தும் கிடக்கலாம்.

அரபு மொழியும் இச்சிக்கலைச் சந்தித்திருக்கிறது. நரம்புகளுக்கும் செரிமானத்துக்கும் அம்மொழியில் ‘ஜிஹாஸ்’, அதாவது கருவித் தொகுப்பு. சூரியனுக்கும் கோள்களுக்கும் ‘நிஸாம்’ அல்லது ‘மஜ்மூஆ’. உருது மொழியின் யூனானி வழக்கு செரிமானத்தையும் ‘நிஸாம்’ என்றே சொல்லும். முத்துகளைக் கோப்பது என்பது நிஸாமின் வேர்ப்பொருள். நூல் அறுந்தால் முத்துகளின் எண்ணிக்கை குறைவதில்லை, மாலைதான் இல்லாமற்போகிறது. கலைச்சொல் காட்ட வேண்டியது இந்த நூலைத்தான்.

அந்நூல் மறைந்தால் விளைவது என்ன? வேளச்சேரியின் மருந்துக் கடைகளில் ‘நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்ற வாசகம் தாங்கிய பொட்டலங்களைக் காணாமல் இருக்க முடியாது. பாடநூலில் ‘நோய்த் தடுப்பு மண்டலம்’ என்றிருப்பது, கொரோனாப் பரவல் தொடங்கிய 2020 முதல் மக்கள் நாவில் ‘சக்தி’யாகவே நிலைத்துவிட்டது. சக்திக்குக் கூடுதலும் குறைவும் மட்டுமே உண்டு; ஆகவே கூட்டுவது நலம் என்று எவரும் நம்புவர். ஆனால் கொரோனா முற்றிய பலரது நுரையீரலைச் சிதைத்ததில் அவர்களது தடுப்பு அமைப்பின் கட்டுமீறிய எதிர்வினைக்கும் பங்குண்டு. ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளிடையே மரணத்தைக் குறைப்பதாக 2020இல் பிரிட்டனின் ‘ரிக்கவரி’ ஆய்வு கண்டறிந்த டெக்ஸாமெதாசோன், அவ்வெதிர்வினையைத் தணிக்கும் மருந்தாகும். முடக்குவாத மூட்டழற்சியிலும் அவ்வமைப்பே தன் உடலைத் தாக்குகிறது. அது வலுக்குறைவால் வரும் நோயன்று. ஒழுங்கு குலைவதால் வருவது.

‘சக்தி’ நம் மரபுச் சொல்தானே என்று கேட்கலாம். மெய்தான். 1025ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற ‘அல் கானூன்’ நூலில் இப்னு சீனா உடலின் செயல்களை மூவகைக் ‘குவ்வத்’துகளாக, அதாவது ஆற்றல்களாகப் பகுத்து, மூளை, இதயம், ஈரல் ஆகிய தலைமை உறுப்புகளோடு இணைத்தார். ஆயினும் அவரிடத்தில் ஆற்றல் தனித்து நிற்பதில்லை. ‘மிஸாஜ்’ என்னும் சமநிலை அதனுடன் வருகிறது. மிகையும் குறையும் இரண்டுமே அங்கு நோய். நாம் ஆற்றலை வைத்துக்கொண்டு சமநிலையைக் கைவிட்டோம். மரபின் பெயரால் மரபின் பாதியை மட்டும் விற்கிறோம்.

இதே பிழையை நிலத்திலும் செய்தோம். வேளச்சேரியின் அருகே கிடக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், தென்சென்னை ஏரிகளின் உபரிநீரை வாங்கி, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியே கடலுக்கு அனுப்புவது. பாடநூல் அதனைச் சூழல் மண்டலம் என்னும். நாமோ அதனைப் பரப்பளவாகவே கண்டு, மனைகளாக அளந்து விற்றோம். 2015 டிசம்பர் வெள்ளம் அறுந்த நூலை அடையாளம் காட்டிற்று. 2022இல் 1,247 ஹெக்டேர் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது நற்செய்தியே. எனினும் நீர் வரும் வழியும் போகும் வழியும் அடைபட்டால், காக்கப்பட்ட பரப்பு முத்தாகக் கிடக்குமேயன்றி மாலையாகாது.

புதுச்சொல் புனைய வேண்டுமென்பதன்று நம் கோரிக்கை. ‘ஏரித் தொடர்’ என்ற நம் முன்னோர் வழக்கிலேயே தொடர்பு பற்றிய அறிவு இருக்கிறது. மண்டலமோ தொகுதியோ, எச்சொல்லை ஆண்டாலும் அவ்வறிவை அதனுடன் சேர்த்துக் கற்பிப்பதே ஆசிரியரின் கடன். ‘எவ்வளவு கூட்டலாம்’ என்பதற்கு முன் ‘எது எதனோடு கோக்கப்பட்டுள்ளது’ என்று கேட்பது மருத்துவரின் கடன்.