ஃபாண்ட் போட்டால் போதுமா?

கணினியில் தமிழ் சரியாகத் தெரியவில்லை என்றால் டி.டி.பி. கடைகளில் இன்றும் முதலில் கிடைக்கும் யோசனை, "அந்த ஃபாண்டைப் போட்டுப் பாருங்க" என்பதுதான். இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. பாமினி, வானவில் அவ்வையார் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து, பேஜ்மேக்கரில் பக்கம் கட்டிய பழைய புத்தகத்தை மறுபதிப்புப் போடுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. வரி உடையாது, பக்க எண் நகராது, மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டியதில்லை. தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி எண்கள் தரும் யூனிகோட் முறையும் பேஜ்மேக்கருக்கு ஒத்துவராது.

ஆனால் சரியாவது திரை மட்டும்தான். பாமினியில் 'தமிழ்' என்று நாம் படிப்பது, கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு அவற்றின்மேல் தமிழைப் போர்த்துகிறது, அவ்வளவே. பி.டி.எஃப். ஆக்கிவிட்டால் எங்கும் தெரியுமே என்பார்கள். தெரியும், ஆனால் அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் பெரும்பாலும் ஆங்கிலக் குப்பைதான் வரும். தமிழில் தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. பார்வையற்ற வாசகருக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள் ஆங்கில எழுத்துகளை உளறும். எல்லாவற்றிலும் பெரிய குறையாக நான் நினைப்பது இதைத்தான்: அந்த வாசகருக்கு அந்தப் புத்தகம் தமிழில் வெளிவரவே இல்லை.

கோளாறு எது என்று பாராமலே எழுத்துருவைத் தேடி ஓட வைப்பது இந்தப் பழக்கத்தின் இன்னொரு கெடுதல். வெறும் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ, லோகித் போன்ற யூனிகோட் எழுத்துரு ஒன்றை நிறுவினால் தீர்ந்துவிடும். கொம்பு தனியே பிரிந்து, புள்ளி வட்டத்தோடு நின்றால் கதை வேறு. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு என்றே சேமிக்கப்படுகிறது. அதை இடப்பக்கம் நகர்த்திக் காட்ட வேண்டியது மென்பொருளின் பொறுப்பு. அது செய்யாதபோது பத்து எழுத்துருக்களை மாற்றிப் போட்டும் பயனில்லை. பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் 'வேர்ல்டு-ரெடி' கம்போசரைத் தேர்ந்தால் அது சரியாகிறது. வரிசையாகக் கேள்விக்குறிகள் இருந்தால், கோப்பைப் பழைய ஆன்சி முறையில் சேமித்தபோதே எழுத்துகள் அழிந்திருக்கும். எந்த எழுத்துருவும் அவற்றை மீட்காது; மூலப்பிரதியைத் தேட வேண்டியதுதான்.

யூனிகோடுக்கு மாற்றுவதே நிலையான வழி. தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடையும் டேஸ்-16 குறியாக்கத்தையும் ஏற்று ஆணையிட்டது. ஆனால் மாற்றிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. உரையின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் வந்தால், அதையும் தமிழென்று எண்ணிச் சிதைத்துவிடும். நுட்பமான பிழையும் உண்டு. ஔகாரக் குறியின் பின்பாதி 'ள' போலவே இருப்பதால், பழைய கோப்புகளில் பலரும் கொம்பும் ளகரமுமாக அடித்திருப்பார்கள். மாற்றிய பின் 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகிவிடும். கண் இதைப் பிடிக்காது. தேடுபொறிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

அதனால் அச்சுக்குப் பழைய கோப்பு அப்படியே இருக்கட்டும். கூடவே யூனிகோடில் ஒரு பிரதி எடுத்து, மெய்ப்புப் பார்ப்பவரிடம் கொடுத்துத் திருத்தி வைப்பதற்கு ஆகும் கூலியைப் பதிப்பகங்கள் மறுபதிப்புச் செலவிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். அச்சில் இல்லாத புத்தகங்களிலிருந்து தொடங்கலாம். அவற்றுக்கு அந்தக் கோப்பைத் தவிர வேறு பிரதி இல்லாமலும் இருக்கலாம்.