நடை ஒன்றே சான்று ஆகுமா?

ஒரு நூலின் நடையை ஆராய்ந்து, அதனை இயற்றியவர் இன்னார் என்றும், இன்ன காலத்தவர் என்றும் துணிவது தமிழாராய்ச்சியில் நெடுநாளாக வழங்கிவரும் முறை. அதியமானைப் பாடிய ஔவையாரும் ஆத்திசூடி இயற்றிய ஔவையாரும் ஒருவர் அல்லர் என்று ஆராய்ச்சியாளர் கொண்டமைக்கு மொழிநடை ஒரு காரணம். நெடுநல்வாடை பாடிய நக்கீரரே திருமுருகாற்றுப்படையையும் பாடினாரா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இவ்வழக்கில் எத்தரப்பார் வென்றாலும் நக்கீரர்க்கு நட்டம் ஒன்றுமில்லை. அவர் பரிசில் பெற்றுப் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆயின.

ஆயின், இன்று அதே முறை, ஆராய்ச்சியாளர்க்குரிய பொறுமையும் ஐயமும் இன்றி, உயிரோடிருந்து கூலிக்கு எழுதுவோர்மீது செலுத்தப்படுகின்றது. இணையத்தின் வாயிலாக அயல்நாட்டார்க்குக் கட்டுரை எழுதிக் கொடுத்துப் பிழைப்போரின் எழுத்தைப் பார்த்து, 'இது மனிதர் எழுதியதன்று. எந்திரம் எழுதியது' என்று தீர்ப்புக் கூறப்படுகின்றது. தீர்ப்பிற்குப் பின் கூலி இல்லை. சில வேளைகளில் அந்த எழுத்துத் தளத்தில் நுழையும் உரிமையும் இல்லை. இத்தீர்ப்பிற்கு அடிப்படையாக நிற்கும் கொள்கை எத்துணை உறுதியுடையது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. அதற்குக் கென்யா நாட்டினும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பதரிது.

பொத்தான் கற்பித்த ஆங்கிலம்

கென்யர் எழுதும் ஆங்கிலம் எங்கிருந்து வந்தது என்பதை அறியாமல் அதன் நடையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. அந்நாட்டின் பேரெழுத்தாளராக விளங்கி 2025இல் மறைந்த கூகி வா தியாங்கோ, அடிமைத்தளையினின்று மனத்தை விடுவிப்பது பற்றி 1986இல் வெளியிட்ட கட்டுரை நூலில், தம் பள்ளிப் பருவத்தை விரித்துரைத்துள்ளார். 1952இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட பின், பள்ளிகள் வெள்ளை அரசின் நேர்ப்பார்வைக்குள் வந்தன; ஆங்கிலம் பயிற்றுமொழியாயிற்று. பள்ளியின் எல்லைக்குள் தாய்மொழியாகிய கிக்கூயுவைப் பேசிப் பிடிபட்ட பிள்ளைக்குப் பிரம்படி கிடைத்தது. அல்லது, தன்னை மூடன் என்றோ கழுதை என்றோ அறிவிக்கும் தகட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிய நேர்ந்தது. குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒரு பொத்தான் போதுமானதாயிருந்தது. காலையில் அது ஒரு மாணவனிடம் கொடுக்கப்படும். தாய்மொழி பேசுபவன் எவனோ அவன் கையில் அது தள்ளப்படும். அவன் மற்றொருவனைத் தேடுவான். மாலையில் பொத்தான் யாரிடம் தங்கியதோ அவனிடமிருந்து பின்னோக்கி விசாரித்தால், அன்று பிழைசெய்தோர் அனைவரும் அகப்படுவர். பிற பாடங்களில் எவ்வளவு சிறப்பாகத் தேறினும், ஆங்கிலத்தில் தவறியவன் தேர்வு முழுவதிலும் தவறியவனே.

நாடு 1963இல் விடுதலை பெற்றது. ஆங்கிலத்தின் இருக்கை அசையவில்லை. 2010ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சுவாகிலியைத் தேசிய மொழியாகவும், சுவாகிலி, ஆங்கிலம் இரண்டையும் ஆட்சிமொழிகளாகவும் கொண்டது. 1985 முதல் 2023 வரை, தொடக்கக் கல்வியின் முடிவில் நாடெங்கும் நடந்த பொதுத்தேர்வில் ஆங்கிலக் கட்டுரை வரைதல் ஓர் உறுப்பாக இருந்தது. திருத்தமான இலக்கணம், அரிய சொல், ஒழுங்குற அடுக்கிய பத்தி என்பன மதிப்பெண் தேடித் தரும் பண்புகள். கட்டுரை ஏடு திருத்திய எந்த ஆசிரியர்க்கும் இஃது எளிதில் விளங்கும். தெருவிலும் வீட்டிலும் கேட்டறியாத மொழியை ஏட்டிலிருந்தே கற்பவன், அதனை ஏட்டுநடையிலேயே எழுதுவான். அது அவனுடைய குறையன்று. அவன் பட்ட உழைப்பின் சுவடு.

தொழில் வந்த வழி

இந்த ஆங்கிலத்திற்கு ஓர் அங்காடி பிறந்தது. 2007இல் கைத்தொலைபேசி வழியே பணம் அனுப்பும் 'எம்-பெசா' முறை கென்யாவில் தோன்றியது. 2009இல் கடலடிக் கம்பிவடங்கள் கரையேறி, விரைவான இணைய வசதியைத் தந்தன. பட்டம் பெற்றும் வேலை பெறாத இளைஞர் திரளாக இருந்தனர். 2016இல் அரசே 'அஜிரா' என்னும் திட்டத்தைத் தொடங்கி, இணையத்தில் வேலை தேடுமாறு இளைஞரை ஊக்கியது. ஆகவே இத்தொழிலை ஏதோ இருட்டில் முளைத்த காளானாகக் கருதுதல் பொருந்தாது.

இருப்பினும் இருட்டான பகுதி ஒன்று உண்டு. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. வணிக நிறுவனங்களுக்குரிய விளக்கக் கட்டுரைகளோடு, பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளின் மாணவர் தம் பெயரில் ஒப்படைக்கும் பாடக் கட்டுரைகளும் நைரோபியில் எழுதப்பட்டன. அது கல்வியில் செய்யும் மோசடி. ஆசிரியர் எவரும் அதற்குப் பரிந்து பேசார். அயர்லாந்து 2019இலும், ஆஸ்திரேலியா 2020இலும், இங்கிலாந்து 2022இலும் இவ்வாணிகத்திற்கு எதிராகச் சட்டம் இயற்றின. ஆயின், ஆஸ்திரேலிய, ஆங்கிலச் சட்டங்கள் கட்டுரையை விற்பாரையும் விளம்பரப்படுத்துவாரையுமே குற்றவாளியாக்கின. வாங்கும் மாணவனை ஆக்கவில்லை. அவனைக் கண்டிக்கும் பொறுப்புப் பல்கலைக்கழகத்திடம் விடப்பட்டது. ஒரே மோசடியில் இருவர் கைகோத்திருக்க, ஒருவர்க்குக் குற்றவியல் சட்டமும் மற்றவர்க்குக் கல்லூரிக் கண்டிப்பும் என அளவுகோல் இரண்டாயின. எலோயிஸ் கிங் இயக்கி 2024இல் வெளிவந்த 'தி ஷேடோ ஸ்காலர்ஸ்' என்னும் ஆவணப்படம், ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் பெட்ரீசியா கிங்கோரியின் துணையோடு, இவ்வெழுத்தாளரைத் திரையில் பேச வைத்தது. அவர்களைக் காப்பதற்காக, அவர்தம் முகங்களின்மேல் செயற்கை நுண்ணறிவால் வேறு முகங்கள் பொருத்தப்பட்டன. பிறர் பெயரில் எழுதியவர்கள் பிறர் முகத்தோடு பேசினர்.

முகமின்மை திரைப்படத்தோடு நிற்பதன்று. எழுத்துத் தளங்கள் சில குறிப்பிட்ட நாடுகளின் குடியினரையே ஏற்கின்றன. வேறு சில, ஆப்பிரிக்காவிலிருந்து புதியவர் பதிவதற்குத் தடை விதித்தன. தடைக்குட்பட்டோர், முன்னரே பதிவு பெற்ற ஒருவருடைய கணக்கை வாடகைக்கோ விலைக்கோ பெற்று எழுதலாயினர். கூலியின் ஒரு பங்கு கணக்குக்குரியவர்க்குச் சேரும். கணக்கு மூடப்பட்டால் நிலுவையும் அதனோடு போகும். எழுதியவர் முறையிடவும் இயலாது. ஏனெனில் தளத்தின் பதிவேட்டில் அவர் என்று ஒருவர் இல்லவே இல்லை. சொந்தப் பெயரில் பதிவு பெற்றோர்க்கும் முழுக் காப்பு இல்லை. செயற்கை நுண்ணறிவைப் பயிற்றும் சிறு வேலைகளை இணையத்தில் வழங்கிவந்த 'ரிமோட்டாஸ்க்ஸ்' 2024 மார்ச்சில் கென்யா, நைஜீரியா, பாக்கிஸ்தான் ஆகிய நாட்டினர்க்குத் தன் வாயிலை அடைத்தது. நேற்று வரை திறந்திருந்த கதவு அது.

இரண்டு பொறிகள்

2022 நவம்பர் 30இல் 'சாட்ஜிபிடி' வெளிவந்தது. அதன்பின் கூலிக்கு எழுதுவோர்க்கு நேர்ந்த இடர் இரு வகை. எந்திரமே எழுதிவிடுவதால் வேலை குறைந்தது ஒன்று. அதனை இங்கு விரிப்பது மிகை. மனிதர் எழுதியதையும் எந்திரத்தின் கணக்கில் எழுதிவிடும் வழக்கம் பிறந்தது மற்றொன்று. இதுவே திறனாய்வுக்குரியது.

எந்திர எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள், ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வரும் என்று எளிதில் கணிக்கமுடிகிறதா என்பதை அளக்கின்றன. கணிக்கக்கூடிய சொற்களே தொடர்ந்து வருமாயின், 'எந்திரம்' என்று ஐயுறுகின்றன. இம்முறையின் ஓட்டையை ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2023இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டிற்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர், 'டோஃபல்' தேர்வுக்கென எழுதிய 91 கட்டுரைகளை அவர்கள் ஏழு கருவிகளிடம் கொடுத்தனர். அத்தனையும் மனிதர் எழுதியவை. ஆயினும் சராசரியாக 61 விழுக்காட்டுக் கட்டுரைகளை எந்திரம் எழுதியவை என்று கருவிகள் கூறின. 18 கட்டுரைகளைப் பொறுத்தவரை ஏழு கருவிகளும் ஒருமுகமாகப் பழிசுமத்தின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளோ பெரும்பாலும் பழுதின்றித் தப்பின. கற்ற மொழியில் எழுதுவோர்க்குச் சொல்வளம் குறைவு. வாக்கிய வகை குறைவு. அக்குறைவே எந்திரத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

அவ்வாய்வின் மற்றொரு பகுதி இன்னும் கூர்மையானது. அதே கட்டுரைகளைச் 'சாட்ஜிபிடி'யிடம் கொடுத்து, தாய்மொழியாளர் எழுதுவதுபோல் சொற்களைச் செழுமைப்படுத்தச் செய்தனர். பின்னர்க் கருவிகள் கூறிய பழி ஏறத்தாழ 12 விழுக்காடாகக் குறைந்தது! எந்திரத்தைத் தொடாதவர் எந்திரமாயினர்; எந்திரத்தின் கைபட்ட எழுத்து மனித எழுத்தாயிற்று.

அவ்வாறாயின், எளிய சொல்லை விடுத்து அரிய சொல்லை ஆள்வோர் தப்பலாம் அன்றோ எனின், அவர்களுக்கென வேறொரு பொறி காத்திருக்கின்றது. அது மனிதரின் கண். 2024 ஏப்ரலில், அமெரிக்க முதலீட்டாளரும் கட்டுரையாளருமாகிய பால் கிரஹாம், தமக்கு வந்த மடல் ஒன்றில் ஆழ்ந்து ஆராய்தலைக் குறிக்கும் 'டெல்வ்' என்னும் ஆங்கிலச் சொல் இருந்ததைச் சுட்டி, அதனை எந்திர எழுத்தின் அறிகுறியாகக் கருதும் வகையில் எழுதினார். நைஜீரியர் பலர் எழுந்து மறுத்தனர். அச்சொல் தாங்கள் பள்ளியில் கற்றது. தங்கள் அலுவலகங்களிலும் ஏடுகளிலும் நாள்தோறும் வழங்குவது என்பது அவர்தம் மறுப்பு. ஒரு சொல் கலிபோர்னியாவில் அருகி வழங்குவதால், உலகெங்கும் அஃது அருகியே வழங்கவேண்டும் என்னும் விதி எவ்விலக்கணத்தில் உள்ளது? தொல்காப்பியர் திசைச்சொல்லையும் செய்யுட்சொல்லாக ஏற்றார். அந்த உள்ளவிரிவு இத்தீர்ப்பாளரிடம் காணப்படவில்லை.

எளிமையாக எழுதினால் கருவியிடம் அகப்படுகிறார். செழுமையாக எழுதினால் கண்ணிடம் அகப்படுகிறார். நைரோபியிலும் லாகோசிலும் இருந்து எழுதுபவர்க்கு இவ்விரண்டிற்கும் இடையில் உள்ள வழி மிகக் குறுகியது.

எந்திரம் 'டெல்வ்' போன்ற சொற்களை மிகுதியாக ஆள்வது ஏன் என்பதற்கு ஒரு கருத்து வழங்குகின்றது. எந்திரத்தின் விடைகளைத் தரம்பிரித்துத் திருத்தும் வேலை ஆப்பிரிக்க நாட்டினர்க்குக் குறைந்த கூலியில் தரப்பட்டமையால், அவர்தம் ஆங்கிலமே எந்திரத்தில் படிந்தது என்பர். இது கேட்க இனிதாயினும் மெய்ப்பிக்கப்பட்டதன்று, ஊகமாகவே கொள்ளவேண்டும். மெய்யென நிறுவப்பட்டது வேறொன்று. 'சாட்ஜிபிடி'க்கு அடிப்படையான முறையைத் தீமொழிகளினின்று காக்கும் பொருட்டு, வன்செயலும் கொடுமையும் நிறைந்த பகுதிகளைப் படித்துக் குறியிடும் வேலையைக் கென்யத் தொழிலாளர் 2021 இறுதி முதல் செய்தனர் என்றும், அவர்தம் கைக்குக் கிட்டிய ஊதியம் மணிக்கு 1.32 முதல் 2 அமெரிக்க வெள்ளி வரை என்றும் 'டைம்' இதழ் 2023 சனவரியில் வெளியிட்டது. எந்திரத்தைத் துலக்கியதில் ஒரு பங்கு கென்யருடையது என்பதை மறுப்பதற்கில்லை.

சான்று எவரிடம்?

எந்திரம் எழுதியதற்கு மனிதக் கூலி கொடுக்க எவரும் கடமைப்பட்டவர் அல்லர் என்று தளத்தாரும் வாங்குவோரும் கூறலாம். அது நேரிய வாதமே. பாடக் கட்டுரை திருத்தும் ஆசிரியர்க்கும் அவ்வுரிமை உண்டு. ஐயுறும் உரிமையை மறுப்பார் இலர்; ஐயத்தையே தீர்ப்பாக்கும் உரிமைதான் மறுக்கப்படுவது. எந்திரத்தை ஆக்கிய 'ஓப்பன்ஏஐ' நிறுவனமே 2023 சனவரி இறுதியில் ஒரு கண்டறிகருவியை வெளியிட்டது. எந்திர எழுத்தில் 26 விழுக்காட்டையே அது சரியாக இனங்காட்டும் என்றும், மனித எழுத்தில் 9 விழுக்காட்டை எந்திரத்தினது எனப் பிறழக்கூறும் என்றும் அந்நிறுவனமே அறிவித்தது. அவ்வாண்டு சூலையில், துல்லியம் போதாதெனக் கூறி அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெற்ற தாயே தன் பிள்ளையின் குரலை அடையாளம் காணமாட்டாது கைவிட்டாள். அயலாரின் கருவிகளோ இன்றும் விலைபோகின்றன.

ஔவையார் இருவர் எனக் கொண்ட ஆராய்ச்சியாளர் நடையை மட்டும் நம்பினாரல்லர். பாடலில் வரும் மன்னர் பெயர், சமயக் குறிப்பு, பிற நூல்களின் சான்று ஆகியவற்றையும் கூட்டி எண்ணினர். நடை அவற்றுள் ஒன்றாக இருக்கும்போதே அதற்கு வலிமை உண்டு. எழுத்துத் தளங்களிலும் இத்தகைய புறச்சான்று கிடைக்காமற் போவதில்லை. எழுதுபவரின் முதற்படிகளையும் அடித்தல் திருத்தல்களையும் கணினி காத்துவைத்திருக்கும். அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். எழுதியவரை நேரில் அழைத்து, எழுதியதைப்பற்றி இரண்டு வினாக்கள் கேட்டாலும் பெரும்பாலும் போதும். வகுப்பறையில் ஆசிரியர் செய்வது அதுதான். தன் பெயரில் பதிவு பெற்ற எழுத்தாளர் இவ்வழியில் தம் பக்கத்தை நிறுவிக்கொள்ள இடமுண்டு.

வாடகைக் கணக்கில் எழுதுபவர்க்கு அதுவும் இல்லை. முதற்படிகள் அவரிடம் உள்ளன. வினாக்களுக்கு விடையும் அவர் அறிவார். ஆனால் தளம் முகத்தைக் காட்டுமாறு கேட்கும்போது, கணக்கிலுள்ள பெயர்க்குரிய முகம் அவருடையது அன்று. தம் நாட்டினர்க்கு அடைக்கப்பட்ட வாயிலைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தவர், தாம் எழுதியது தமதே என்று கூற முற்பட்டால், முதலில் தாம் யார் என்பதைக் கூறியாகவேண்டும். கூறிய அன்றே கணக்கு மூடப்படும்.