புல்லுக்குச் சரித்திரம், சேரிக்கு சர்வே நம்பர்

கிளப்புகளின் வரலாற்றை யார் எழுதினாலும் ஒரே அச்சுதான். முதல் பத்தியில் ஒரு வருஷம், கூடவே நாலு துரைமார் பெயர். 1829இல் கல்கத்தாவில் கோல்ஃப் கிளப், 1884இல் சென்னை ஜிம்கானா என்று போகும். நிலம் ‘சும்மா’ கிடந்ததாம்; இவர்கள் வந்து புல் வைத்தார்களாம். அதற்கு முன்னால் அங்கே யார் மாடு மேய்ந்தது, யார் பொணம் பொதைச்ச எடம் என்கிற கேள்வியே எழாது. புல் வெட்டியவன், பந்து பொறுக்கியவன், பை தூக்கிய கேடிப் பையன் எல்லாரும் படத்தின் ஓரத்தில் பெயரில்லாமல் நிற்பார்கள். இதை நான் சரித்திரமாகப் படிப்பதில்லை. அனுபோகப் பாத்தியதை கேட்டு எழுதின மனுவாகத்தான் படிக்கிறேன்.

கிண்டியை எடுத்துக்கொள்வோம். 160 ஏக்கர் சொச்சம் அரசு நிலம். 1945 முதல் 99 வருஷக் குத்தகை. வருஷ வாடகை 614 ரூபாய் 13 பைசா. குதிரை ஓடுகிற வட்டத்துக்குள்ளேயே ஜிம்கானாவின் 18 குழி கோல்ஃப் மைதானம். 1970க்குப் பிறகு வாடகையை உயர்த்தியதை ரேஸ் கிளப் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு நடந்து நடந்து, 2023இல் உயர்நீதிமன்றம் 730 கோடி ரூபாய் பாக்கியைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து அரசு சீல் வைத்தது.

அப்போது வந்த கட்டுரைகளைப் பார்க்கணும். இழவு வீட்டு ஒப்பாரி தோற்றது. ‘பாரம்பரியம்’, ‘நகரத்தின் நுரையீரல்’ என்று ஏக வருத்தம். 730 கோடி பாக்கி வைத்தவரை ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று எழுத ஒரு பேனாவுக்கும் கை வரவில்லை. அவர் ‘குத்தகைதாரர்’. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்தார்களே, ஒரு மனிதர் தீக்குளித்துச் செத்தாரே, அந்த ஜனத்துக்கு மட்டும் அந்தச் சொல் சுலபமாகக் கெடச்சது. கையெழுத்துப் போட்ட பத்திரம் வச்சிருந்தா குத்தகை, தலைமுறையா குடியிருந்தா ஆக்கிரமிப்பு. புறம்போக்கு என்ற வருவாய்த்துறைச் சொல்லே நம்மளத் திட்டுற வசவாக மாறின கதையும் இதோடு சேர்ந்ததுதான். ரேஸ் ஆடுறவனை எவனாச்சும் ‘போடா புறம்போக்கு’ன்னு திட்டிக் கேட்டதுண்டா?

இன்னொரு பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில அரசாணை வந்தது. நிபந்தனை என்ன? முதல் பத்து வருஷம் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்குத்தான் விற்கலாம், மீறினால் செல்லாது. 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் கணக்குச் சொல்கிற அந்த நிலத்தில் எவ்வளவு இன்று நம்ம கையில் இருக்கு? கிண்டியில் குத்தகை நிபந்தனையைப் பிடித்து சீல் வைக்கத் தெரிந்த அரசுக்கு, இந்த நிபந்தனை மட்டும் ஏன் வாசிக்கத் தெரியவில்லை? காரணை நிலத்தைக் கேட்டுப் போராடினபோது 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் வந்த பதில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்துப்போனார்கள். கிளப்புக்குப் போனது நோட்டீஸு.

கனடாவில், கியூபெக்கின் ஓகா ஊரில், மொஹாக் பழங்குடியினரின் இடுகாட்டை ஒட்டிய நிலத்தில் 1961இல் ஒன்பது குழி மைதானம் போட்டார்கள். 1990இல் அதைப் 18 ஆக்கப் புறப்பட்டார்கள். மொஹாக் ஜனம் பாதையை மறித்தது. 78 நாள் முற்றுகை, ராணுவம் வந்தது. மைதானம் விரியவில்லை. சுடுகாட்டுப் பாதைக்காக அடிவாங்கின நமக்கு அந்த மறியலை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கிண்டியில் இப்போது குளமும் பூங்காவும். வேளச்சேரி வெள்ளத்துக்கு நல்லதுதான், எதிர்க்கவில்லை. ஆனால் ‘பொது’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உடனே கைதட்ட வரவில்லை. பொதுக் கிணறு, பொதுப் பாதை, பொதுச் சுடுகாடு எல்லாவற்றிலும் இந்தப் ‘பொது’வுக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டவர்கள் நாம். கிண்டியை மீட்டது பற்றி முற்போக்காக எழுதினவர்களும்கூட ‘மக்கள்’ என்று எழுதி, எந்த மக்கள் என்று சொல்லாமல் முடித்துவிட்டார்கள்.

எங்க பக்கம் பாலாற்றைப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஷாப்புக் கழிவால் ஆறும் கிணறும் கெட்டது பற்றி உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு சொன்னது. சட்டப் புத்தகங்கள் அதைக் கொண்டாடுகின்றன. பிறகு அமைந்த ஆணையம் கெட்டுப்போன விவசாய நிலத்தை அளந்து, 29,193 பேருக்கு இழப்பீடு என்று கணக்கிட்டது. அளக்க நிலம் வேணுமில்ல? சுண்ணாம்புத் தொட்டியில் எறங்கித் தோலைப் பொரட்டினவன், அந்தத் தண்ணியைக் காய்ச்சிக் குடிச்ச அவன் பொண்டாட்டி, இவங்களுக்கு எந்தக் கலம்? 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து பத்துத் தொழிலாளிகள் சேற்றில் மூச்சுமுட்டிச் செத்தார்கள். பெரும்பாலானோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தத் தோல் எந்த ஊர் மைதானத்தில் எவன் காலுக்குச் செருப்பாச்சோ.

கிண்டிக்கு ஒரு வரலாறு எழுதுவதானால் புல் வெட்டினவர்களின் சம்பளப் பதிவேட்டிலிருந்து தொடங்கட்டும். நம்ம பக்கத்து மாணவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஒவ்வொரு கிராமத்து ‘அ’ பதிவேட்டையும் நகல் கேட்டு வாங்குங்கள். ‘பஞ்சமர்’, ‘நிபந்தனை’ என்று குறிப்பு இருக்கிற சர்வே எண்களை எடுத்து, அங்கே இன்றைக்கு என்ன நிற்குது, ஷாப்பா, கல்யாண மண்டபமா, காலேஜா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதி அனுப்புங்கள். இந்தப் பக்கங்களில் போடுவோம்.