ஃபால்காம்: உரையாடலின் கனமும் கடல் கடந்த தாமதமும்

ஆட்டக்காரர் ஒரு பாத்திரத்தை ஏற்று, போரிட்டு அனுபவப் புள்ளிகள் திரட்டி, படிப்படியாக வலிமை பெற்றுக் கதையின் வழியே முன்னேறும் விளையாட்டு வகையை ரோல்பிளேயிங் கேம் என்பர். ஜப்பானில் இவ்வகை வேரூன்றிய காலத்திலிருந்தே இத்துறையில் இயங்கிவரும் நிஹான் ஃபால்காம், டோக்கியோவின் மேற்குப் பகுதியான தச்சிகாவாவில் 1981ஆம் ஆண்டு மசயுகி காட்டோவால் தொடங்கப்பட்டது. கணினி விற்கும் கடையாக இருந்து விளையாட்டு உருவாக்கத்துக்கு மாறிய அந்நிறுவனம், 1984இல் 'டிராகன் ஸ்லேயர்' விளையாட்டையும் அதற்கடுத்த ஆண்டு 'ஸனாடு'வையும் வெளியிட்டது. வீட்டுக்கணினி பரவலாகாத அக்காலத்திலும் ஸனாடு நான்கு லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. இருந்தும் ஃபால்காம் பெருநிறுவனமாக வளரவில்லை. அதன் வெளிநாட்டு வரவேற்பின் வரலாறு முழுவதையும் இந்தச் சிறுமையே தீர்மானித்தது எனலாம்.

1987இல் என்இசி நிறுவனத்தின் பிசி-8801 கணினிக்கென உருவான 'ஈஸ்' தொடரின் முதற்பகுதியில் தாக்குவதற்கெனத் தனிப் பொத்தான் கிடையாது. செந்நிறத் தலைமுடியுடைய நாயகன் அடோல், பகைவர்மீது சற்றே விலகிய கோணத்தில் மோதியே அவர்களை வீழ்த்துகிறான். மேலோட்டமாகப் பார்ப்பவருக்குக் குறையாகத் தோன்றும் இந்த எளிமைதான் ஆட்டத்துக்கு வேகத்தைத் தந்தது. யூசோ கோஷிரோ உள்ளிட்டோரின் இசை அவ்வேகத்துக்கு ஈடுகொடுத்தது. ஆனால் பிசி-8801 ஜப்பானியச் சந்தைக்குரிய இயந்திரமாதலால், அமெரிக்க ஆட்டக்காரர்கள் ஃபால்காமைப் பிறர் கைவழியாகவே அறிந்தனர். அவ்வகையில் ஹட்சன் நிறுவனம் முதலிரு பகுதிகளையும் இணைத்துக் குறுந்தகட்டில் மறுவார்ப்புச் செய்ய, 1990இல் ஆங்கிலக் குரல் நடிப்புடன் அமெரிக்காவில் வெளியான பதிப்பே முதன்மையானது. குறுந்தகட்டின் ஒலித்தரமும் பேசும் பாத்திரங்களும் அன்று புதுமையாக இருந்தன. ஆயினும் அதை இயக்கிய கருவி அமெரிக்காவில் பரவலாக விற்கவில்லை என்பதால், பாராட்டு பரவிய அளவுக்கு ஆட்டம் பரவவில்லை. ஈஸ் தொடரின் நான்காம் பகுதியைப் பிற நிறுவனங்களே தனித்தனியாக உருவாக்கின. அவ்வடிவங்கள் அக்காலத்தில் ஆங்கிலத்தில் வெளிவரவேயில்லை.

2004இல் தொடங்கிய 'கிசெகி' வரிசை வேறு வகையான சிக்கலைக் கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் 'ட்ரெயில்ஸ்' எனப்படும் இவ்வரிசையின் முதன்மை விளையாட்டுகள் யாவும் ஸெமூரியா என்னும் ஒரே கற்பனைக் கண்டத்தில் நிகழ்கின்றன. ஒன்றில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு அடுத்ததில் நினைவுகூரப்படுகிறது, ஒரு நாட்டின் துணைப்பாத்திரம் மற்றொரு நாட்டில் தலைகாட்டுகிறது. கதையில் சிறு திருப்பம் நேர்ந்தாலும் ஊரிலுள்ள கடைக்காரர், காவலர், பள்ளிச்சிறுவர் முதலிய எல்லோரும் புதிதாக ஏதேனும் பேசுகின்றனர். அவர்களுடைய காதலும் கடனும் குடும்பச் சண்டையும் முதன்மைக் கதைக்கு இணையாக வளர்கின்றன. காட்சிப் பகட்டில் பெருநிறுவனங்களோடு போட்டியிட இயலாத ஃபால்காம், எழுத்தைக்கொண்டு தன் உலகை நிறைத்தது. ஆனால் அவ்வரிசையின் சிறப்புக்குக் காரணமான அந்த உரையாடற் பெருக்கே, மொழிபெயர்ப்பாளருக்கு மலையாக நின்றது.

இதன் விளைவை 'ட்ரெயில்ஸ் இன் த ஸ்கை' தெளிவாகக் காட்டுகிறது. எக்ஸ்சீட் நிறுவனம் அதன் முதல் பாகத்தின் ஆங்கில வடிவத்தை 2011இல் வெளியிட்டது. நாயகி எஸ்டெல்லை விட்டு அவளுடன் பயணித்த ஜோஷுவா பிரிந்துசெல்லும் தறுவாயில் அப்பாகம் முடிகிறது. ஜப்பானில் 2006இலேயே வெளியாகியிருந்த இரண்டாம் பாகம் ஆங்கிலத்தில் வர 2015 அக்டோபர் ஆயிற்று. இடைப்பட்ட நான்கரை ஆண்டுகளில் அதன் மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்தவர்களின் உழைப்பும் சோர்வும், விளையாட்டு இதழியலில் தனிக்கதையாகவே பேசப்பட்டன.

வரிசைக் குலைவு இதைவிடப் பெரிய இழப்பு. 'ஸீரோ' (2010), 'அஸ்யூர்' (2011) என்னும் ட்ரெயில்ஸ் விளையாட்டுகள் இரண்டும் க்ராஸ்பெல் நகரத்தைக் களமாகக் கொண்டவை; அவற்றுக்குப் பின் வந்த 'கோல்ட் ஸ்டீல்' விளையாட்டுகள் அந்நகரின் நிகழ்ச்சிகளை வாசகர் அறிவார் என்று கொண்டே பேசுகின்றன. ஆங்கிலத்திலோ கோல்ட் ஸ்டீலின் முதலிரு பகுதிகள் 2015, 2016 ஆண்டுகளில் முந்திக்கொண்டன. க்ராஸ்பெல் கதையின் நாயகன் லாயிட், தன் சொந்தக் கதை மொழிபெயர்க்கப்படாத நிலையிலேயே இரண்டாம் பகுதியின் இறுதியில் வந்து நின்றான். இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் ஊதியம் பெறாத ரசிகர்கள். ஜியோஃப்ரண்ட் என்னும் ரசிகர் குழு 2020, 2021 ஆண்டுகளில் அவ்விரண்டையும் மொழிபெயர்த்து வெளியிட, என்ஐஎஸ் அமெரிக்கா நிறுவனம் அந்த உழைப்பையே அடிப்படையாகக் கொண்டு 2022, 2023 ஆண்டுகளில் அதிகாரபூர்வப் பதிப்புகளைக் கொண்டுவந்தது. ஜப்பானிலும் இதற்கு ஓர் இணை உண்டு: 2007இல் ஃபால்காமின் தலைவரான தோஷிஹிரோ கோண்டோ, அந்நிறுவனத்தில் சேருமுன் அதன் விளையாட்டுகளுக்கென இணையத்தில் ரசிகர் தளம் நடத்தியவர்.

தாமதத்தைப் பொறுத்த வாசகர்கள் தரக்குறைவைப் பொறுக்கவில்லை. 2017இல் 'ஈஸ் 8' ஆங்கிலத்தில் வெளியானபோது அதன் மொழிபெயர்ப்பு கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. என்ஐஎஸ் அமெரிக்கா வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, முழு உரையையும் புதுக்கி 2018 தொடக்கத்தில் வழங்கியது. பிழைதிருத்தம் என்ற அளவில் இது நற்செயலே. ஆனால் அவ்விளையாட்டை ஆர்வத்தோடு முதலில் வாங்கியவர்களே மோசமான வடிவத்தைப் படித்தார்கள் என்பதை எந்தத் திருத்தமும் மாற்றாது.

அண்மைக்காலத்தில் இடைவெளி சுருங்கியுள்ளது. 'ட்ரெயில்ஸ் இன் த ஸ்கை' முதற்பாகத்தின் மறுஆக்கம் 2025 செப்டம்பரில் ஜப்பானிலும் மேலைநாடுகளிலும் ஒரே நாளில் வெளியானது. ஆனால் இருபத்தொரு ஆண்டுக்கு முந்தைய கதை அது. 2024 செப்டம்பரில் ஜப்பானியர் ஆடிவிட்ட வரிசையின் புதிய பாகத்துக்கு ஆங்கில வாசகர்கள் அப்போதும் காத்துக்கொண்டுதான் இருந்தனர்.