சுடுதண்ணிக்கு முறை வைத்தோம்

லண்டனில் மச்சான் வீட்டில் அறைக்கு ஒரு சூடு. ஒவ்வொரு ரேடியேட்டரிலும் மோட்டார் வைத்த வால்வு. ஆளில்லாத அறை குளிர்ந்தே கிடக்கும். ஹனிவெல்லின் எவோஹோம் என்ற சாதனம் 12 வலயங்கள் வரை பார்த்துக்கொள்ளுமாம். தை மாதம் எங்கள் ஊரான எல்கடுவவுக்கு வந்தவர், போர்வைக்குள் இருந்தபடியே "நீங்களும் போடலாமே" என்றார்.

எங்கள் வீட்டில் சூடாவது மூன்றே மூன்று: கீழே ஒரு கீசர், மேல்மாடியில் ஒரு கீசர், அம்மாவின் அறையில் ஒயில் ஹீட்டர். அதுவே மூன்று வலயம் என்று வைத்துக்கொண்டு, இரண்டு வைஃபை சுவிச்சும் ஒரு ஸ்மார்ட் பிளக்கும் வாங்கினேன். ஒரே சாமான் பத்துப் பெயரில் விற்கிறது. பெயரை விடுங்கள், முதுகில் அச்சடித்த ஆம்பியரைப் பாருங்கள். கடையில் "எதுக்கும் போடலாம்" என்று தந்தது 10 ஆம்பியர். 3000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். வயரிங் பாஸ் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பல்புக்கு, சேர்" என்று கையில் கொடுத்துவிட்டார். மாற்றி 20 ஆம்பியர் வாங்கி வந்தேன்.

பொருத்த அரை மணி நேரம். போனோடு இணைக்கத்தான் ஒரு மாலை முழுவதும் போனது. இந்தச் சுவிச்சுகளுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் மற்ற அலைவரிசையை நிறுத்திய பிறகே சுவிச் கண் சிமிட்டியது.

உண்மையான பலன் நான் எதிர்பாராத இடத்தில் இருந்தது. எங்களுடையது 30 ஆம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு. இரண்டு கீசரும் சேர்ந்தால் 26, ஹீட்டர் இன்னொரு ஆறரை. அதுவரை விடியற்காலையில் மெயின் விழுவதும், யார் போட்டது என்று சண்டை பிடிப்பதும் வழக்கம். இப்போது வயலுக்குத் தண்ணீர் விடுவதுபோல முறை வைத்தாயிற்று: 4.45க்குக் கீழ் கீசர், 5.20க்கு மேல் கீசர், ஆளுக்கு அரை மணி. 30 லீற்றர் தண்ணீரை 20 பாகையிலிருந்து 55க்கு ஏற்ற ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். 25 நிமிடத்தில் தயார். மச்சான் வீட்டு வலயம் அறையைப் பிரிக்கிறது, எங்களுடையது நேரத்தை.

ஹீட்டரை மட்டும் தானாகப் போட விடவில்லை. அம்மா அதன்மேல் சால்வை காயப்போடுவார். நான் மாத்தளை டவுனில் இருந்துகொண்டு போனில் அழுத்த, இங்கே சால்வை கருகும். அதனால் பிளக்கின் வேலை இரவு 10க்கு அணைப்பது மட்டும்தான்.

பெரிய குறை கரண்ட் கட்டில் தெரிந்தது. நக்கிள்ஸ் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போய்த் திரும்பினால், சுவிச்சுக்கு நேரம் மறந்துவிடும். இன்டர்நெட் வந்து சொன்னால்தான் மணி என்ன என்று தெரியும். கரண்ட் வந்ததும் 'ஓஃப்' நிலையில் நிற்கும்படி செட்டிங்கில் மாற்றிவிடுங்கள். இல்லையேல் நடுச்சாமத்தில் கீசர் கொதிக்கும். சீலிங்குக்குள் ஒளித்துவைக்கும் ரிலே வேண்டாம். சுவரில் விரலால் அழுத்தும் வகையே வாங்குங்கள். போன மாதம் இரண்டு நாள் சிக்னல் இல்லை. அம்மா போனைத் தேடவில்லை, இருட்டிலேயே நடந்துபோய்ப் பொத்தானை அழுத்தினார்.